பாங்காக் அரண்மனை பக்கம் போகிறவர்கள் கவனம்: எனக்கு 18,500 பாட் போச்சு

கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முந்தாநாள் பாங்காக்கில் 18,500 பாட்டைத் தொலைத்தேன். நம்ம காசுக்குக் கிட்டத்தட்ட அரை லட்சம். எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

தனியாக வந்திருக்கிறேன். ஒரு நாள் முழுக்கப் பழைய நகரத்தை நடந்தே பார்ப்பதுதான் திட்டம். சனம் சாய் மெட்ரோவில் இறங்கி வாட் போ கோவில், பிறகு அரண்மனை, அப்புறம் தா தியென் துறையில் 5 பாட் கொடுத்துப் படகேறினால் அக்கரையில் வாட் அருண். வாட் போவில் 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தரைப் பார்க்கிற வரை எல்லாம் சரியாகத்தான் போனது.

அரண்மனையின் வெள்ளை மதிலை ஒட்டி நடந்தபோது ஒருவர் நிறுத்தினார். ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஏதோ அடையாள அட்டை. "இப்போது உள்ளே பிக்குகளின் பூஜை, ஒரு மணிக்கு மேல்தான் விடுவார்கள்" என்றார். நான் தயங்கியதும் அவர் செய்ததைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. என் முதுகுப்பையைக் காட்டி, "இதை முன்பக்கம் மாட்டிக்கொள், இங்கே ஜேப்படி அதிகம்" என்றார். மாட்டிக்கொண்டேன். அந்த நொடியில் விழுந்தேன். திருடனைப் பற்றி எச்சரிப்பவன் திருடனாக இருப்பான் என்று யார் நினைப்பார்கள்?

என் வரைபடத்தை வாங்கி மூன்று இடங்களைப் பேனாவால் வட்டமிட்டார். ஓரத்தில் 20 என்று எழுதி, "டுக் டுக்குக்கு இதற்கு மேல் ஒரு பாட் கொடுக்காதே" என்றார். எனக்காக அவரே பேரம் பேசினார், தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. அந்த வெயிலில் மூன்று இடத்துக்கு 20 பாட்டுக்கு எவன் வண்டி ஓட்டுவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் நிறுத்தம் வாட் இந்தரவிஹான், 32 மீட்டர் உயரத்துக்கு நிற்கிற புத்தர். நிழலில் உட்கார்ந்திருந்த இன்னொரு ஆள் தானாகப் பேச்சுக் கொடுத்தார். மனைவிக்கு நீலக்கல் வாங்கினாராம், வரி இல்லாத அரசாங்கச் சலுகை இன்றோடு முடிகிறதாம். சம்பந்தமே இல்லாத ஆள் சொல்கிறாரே என்று நம்பினேன். வரைபடத்தில் இரண்டாவது வட்டம் அந்த நகைக்கடை.

கடையில் குளிர்ந்த டீ, கறுப்பு வெல்வெட் தட்டு, மேலே பளீரென்று ஒரு விளக்கு. அந்த வெளிச்சத்தில் கூழாங்கல்கூட மின்னும். "ஊருக்குப் போய் விற்றால் இரண்டு மடங்கு" என்றாள் விற்பனைப் பெண். சான்றிதழ், தங்க முத்திரை எல்லாம் உண்டு. கல்லைப் பிளாஸ்டிக்கில் ஒட்டித் தந்து, பிரித்தால் உத்தரவாதம் செல்லாது என்றாள். கார்டைத் தேய்த்து, பின் நம்பரை நானே போட்டேன். 18,500 பாட்.

மூன்று மணிக்கு அரண்மனை வாசலுக்குத் திரும்பினால் கூட்டம் கூட்டமாக வெளியே வருகிறார்கள். தினமும் காலை 8.30க்குத் திறக்கிறார்களாம், அன்றைக்கும் திறந்துதான் இருந்ததாம். இதே கதையைக் கிளம்புவதற்கு முன்பு படித்திருக்கிறேன் என்பதுதான் பெரிய அசிங்கம். சட்டை கசங்காத ஆளை அந்தக் கதையோடு பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

நேராகச் சீலோம் பக்கம் போய் ஒரு கல் வியாபாரியிடம் காட்டினேன். லென்ஸை எடுத்துவிட்டு, "கல் பொய்யில்லை, தரம்தான் இல்லை. 2,000 பாட் பெறும்" என்றார்.

கடைக்குப் போன் செய்தேன். மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார். மறுபடி செய்தேன், நாளைக்கு வா. நேற்று நேரில் போனேன். இரண்டு மடங்கு விலை போகும் என்று அவ்வளவு சரளமாக ஆங்கிலம் பேசிய அதே பெண்ணுக்கு, "ரீஃபண்ட்" என்ற ஒரு வார்த்தை மட்டும் புரியவில்லை. பிளாஸ்டிக்கைப் பிரித்துவிட்டாயே என்று சைகையில் காட்டினாள். பிரிக்காமல் எப்படிச் சோதிப்பது? பில்லின் அடியில் எறும்பு எழுத்தில், விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று இருக்கிறது. வங்கியைக் கூப்பிட்டால், "பின் நம்பர் நீங்களேதானே சார் போட்டீர்கள்?"

அம்மாவிடம் சொன்னேன். "நீலக்கல்லை மூணு நாள் தலையணைக்கு அடியில வெச்சுப் பார்க்காம யாராவது வாங்குவாங்களா?" என்றாள். எனக்கு மூன்று நாள்கூட ஆகவில்லை, நாலு மணி நேரத்தில் வேலையைக் காட்டிவிட்டது.

விவரமாக எழுதும் பொறுமை போய்விட்டது. மூடியிருக்கிறது என்று யார் சொன்னாலும் டிக்கெட் கவுன்டர் வரை நடந்து போய்ப் பாருங்கள். 20 பாட் டுக் டுக்கில் ஏறாதீர்கள். கல் வாங்கவே வாங்காதீர்கள். சுற்றுலாப் போலீஸ் எண் 1155, கடைக்குள் இருக்கும்போதே நினைவு வரட்டும்.

நாளை மதியம் விமானம். காலையில் 1155க்குப் போன் செய்துவிட்டு, பில்லோடு இன்னொரு தடவை அந்தக் கடைக்குப் போகிறேன். 18,500 பாட்.