தொண்டாமுத்தூர் பண்ணைக் காய்கறிப் பெட்டி: சொன்னால் கேட்கிறார்கள்

கோவை தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு இயற்கைப் பண்ணையில் சீசனுக்கு முன்பணம் கட்டி உறுப்பினராக இருக்கிறோம். வாரம் ஒரு பெட்டி, அந்த வாரம் விளைந்தது எதுவோ அது. விளைச்சல் குறைந்தால் பெட்டியும் குறையும். அதற்குச் சம்மதித்துத்தான் சேர்கிறோம்.

ஆனாலும் ஆடிப்பட்டத்தில் போட்ட சுரை புரட்டாசியில் காய்த்துத் தள்ளியபோது பொறுக்க முடியவில்லை. கூட்டு, தோசை, அல்வா வரை போயாச்சு. "பெட்டியைத் திறக்காமலே சொல்லுவேன், உள்ளே என்னன்னு" என்றார் மாமியார். ஆளாளுக்குப் புலம்பினோம். அடுத்த வாரமே பெட்டி எடுக்கும் இடத்தில் ஒரு மாற்றுக்கூடை. வேண்டாததைப் போட்டுவிட்டு, அடுத்தவர் ஒதுக்கியதை எடுத்துக்கொள்ளலாம். யாரோ கழித்துக்கட்டிய பாகற்காய்க்கு எங்கள் வீட்டில் அடிதடி.

கீரை அழுகி வருகிறது என்றோம். அலசி, ஈரத்தோடு கட்டியதுதான் காரணமாம். இப்போது சிறுகீரை வேரும் மண்ணுமாக, வாழைநாரில் கட்டி வருகிறது. சமையல் மேடையெல்லாம் மண்; ஆனால் மறுநாளும் இலை விறைப்பாக நிற்கிறது.

எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதில்லை. ஐப்பசி மழையில் தக்காளி கேட்டதற்கு, "இப்ப வெடிச்சு அழுகிருதுங்க்கா. சந்தையில வாங்கிப் பெட்டியில போட மாட்டோம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். எனக்கு இதுதான் பிடித்தது.

முன்பணத்தை இரண்டு தவணையாகக் கட்டலாமா என்பதற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. பள்ளி ஃபீஸ் கட்டும் ஜூன் மாதத்தில் மொத்தமாகக் கேட்டால் எங்கே போவது?