நாப்ஸ்டர், நுடெல்லா, கசா: பட்டியல் யாரிடம் இருந்தது?

இணையத்தில் முன்பின் தெரியாதவர்கள் தங்களுக்குள் பாட்டுக் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவிய மூன்று மென்பொருள்கள் நாப்ஸ்டர், நுடெல்லா, கசா. நான்கு நிமிடப் பாட்டைச் சிடியில் உள்ளபடியே எடுத்தால் சுமார் 42 எம்பி. அதையே சுருக்கி, நொடிக்கு 128 கிலோபிட் (128 கேபிபிஎஸ்) எம்பி3 ஆக மாற்றினால் 4 எம்பிகூட வராது. தொலைபேசி வழியே இணையத்தில் இணைக்கும் 56கே மோடத்தில் நொடிக்கு 5 கேபி கிடைத்தாலே அதிர்ஷ்டம் என்றிருந்த காலம் அது. முதலாவது இறங்க இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், இரண்டாவதற்கு 13 நிமிடம் போதும். சரி, அளவுப் பிரச்சினை தீர்ந்தது. எந்தப் பாட்டு யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாக்கி. மூன்று மென்பொருள்களும் பிரிவது அங்கேதான்.

நாப்ஸ்டர் 1999 ஜூனில் வந்தது. அதன் சர்வரில் ஒரு பாட்டுகூடக் கிடையாது, யாரிடம் என்ன இருக்கிறது என்ற பட்டியல் மட்டும்தான். தேடினால் ஆளைக் காட்டும். பாட்டு அவருடைய கணினியிலிருந்து நேராக வரும். பட்டியல் ஒரே இடத்தில் இருந்ததால் பதில் சட்டென்று வந்துவிடும். எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொன்று: பாட்டு வைத்திருந்தவரின் மொத்தத் தொகுப்பையும் புரட்டிப் பார்க்கலாம். தேடிப் போனது ஒன்று, அள்ளிக்கொண்டு வந்தது பத்து என்றாகிவிடும். ஒரே ஆளிடமிருந்துதான் இறங்கும் என்பது பலவீனம். 97 சதவீதத்தில் அவர் தொலைபேசி இணைப்பைத் துண்டித்தால் போச்சு.

நுடெல்லா இதற்கு நேர் எதிர். வினாம்ப் என்ற பாட்டுக் கேட்கும் மென்பொருளைத் தந்த நல்சாஃப்ட் நிறுவனம் 2000 மார்ச்சில் இதை வெளியிட்டது. மறுநாளே நல்சாஃப்டின் உரிமையாளரான ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் அதை எடுத்துவிடச் சொன்னது. அதற்குள் அது பலர் கைக்குப் போய்விட்டது. நடுவில் சர்வரே இல்லை. உங்கள் கேள்வி பக்கத்துக் கணினிக்குப் போகும், அது தன் பக்கத்தைக் கேட்கும், இப்படியே ஏழு தாவல் வரை. கேட்க அழகாக இருக்கும்; மோடத்தில் இருந்தவர்களுக்கோ ஊரார் கேள்வியைச் சுமப்பதிலேயே இணைப்பு திணறிவிடும்.

2001இல் வந்த கசா நடுவழியைப் பிடித்தது. பயனர்களின் கணினிகளில் வேகமானவற்றையே ‘சூப்பர்நோடு’ என்ற குட்டி சர்வர்களாக்கி, பட்டியலை அவற்றிடம் பிரித்துக் கொடுத்தது. ஒரே பாட்டைப் பல பேரிடமிருந்து துண்டு துண்டாக வாங்கவும் முடிந்தது. வேகத்தில் மூன்றிலும் இதுதான் கெட்டி. ஆனால் கோப்பு சரியா என்று பார்க்கும்போது முழுவதையும் பார்க்காமல் சில பகுதிகளை மட்டுமே சோதித்தது. நடுவில் வெறும் இரைச்சலை நிரப்பிய கோப்பும் ‘அதே பாட்டு’ என்று தேறிவிடும். முதல் அரை நிமிடம் கேட்டுவிட்டு ‘அப்பாடா’ என்றால் அப்புறம் காதைப் பிளக்கும். போலிக் கோப்புகளைப் பரப்ப நினைத்தவர்களுக்கு இது ரொம்ப வசதி.

தேடும் சுகத்துக்கு என் ஓட்டு நாப்ஸ்டருக்கே. ஆனால் பதிப்புரிமையை மீறியதாக இசை நிறுவனங்கள் போட்ட வழக்கு வந்தபோது நீதிமன்றத்துக்குப் பிடிகொடுத்ததும் அந்த ஒற்றைப் பட்டியல்தான். 2001 மார்ச் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் நாப்ஸ்டர்காரர்கள் தடைசெய்யப்பட்ட பாட்டுகளின் பெயர்களைப் பட்டியலிலிருந்து வடிகட்டினார்கள். அதில் சிக்காமல் இருக்க, பாட்டைப் பகிர்ந்தவர்கள் வேண்டுமென்றே எழுத்துப் பிழையோடு பெயர் வைத்தார்கள். கடைசியில் எந்தப் பிழையோடு தேடுவது என்றே தெரியவில்லை; ஜூலையில் கோப்புப் பரிமாற்றமே நின்றது.