ரெஸ்யூமேயை எங்கே நீட்டுவது?

அன்று என் பையில் பன்னிரண்டு ரெஸ்யூமே இருந்தது. பெண் பொறியாளர்களுக்கென்றே நடந்த வேலைச் சந்தை அது. பிரசவத்துக்குப் பிறகு மூன்று வருடம் வீட்டில் இருந்துவிட்டு, சாஃப்ட்வேரில் பக், அதாவது பிழை, இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டிங் வேலை தேடிக்கொண்டிருந்தேன். ஸ்டாலில் நின்ற பெண் என் தாளைக் கையில் வாங்கவே இல்லை. சிரித்த முகத்தோடு ஒரு கியூஆர் கோடைக் காட்டி, "இதுல அப்ளை பண்ணிடுங்க மேடம்" என்றார். அதை நான் வீட்டில் சோறு வடித்துக்கொண்டே செய்திருக்கலாம். ஒரு தாள் சமோசாவுக்கு அடியில் போனது. மீதிப் பதினொன்றும் என்னோடு பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்தன.

அப்புறம் சின்னக் கூட்டங்களுக்கும் போனேன். இடைவெளிக்குப் பிறகு வருபவர்களுக்கான பயிற்சிகளையும் விசாரித்தேன். எல்லாவற்றையும் "நெட்வொர்க்கிங்" என்ற ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். ஆனால் மூன்றும் மூன்று விதம்.

பெரிய சந்தை என்றால் முதலில் நினைவுக்கு வருவது கம்ப்யூட்டர் துறைப் பெண்களுக்காக அமெரிக்காவில் நடக்கும் கிரேஸ் ஹாப்பர் மாநாடுதான். அனிதா போர்கும் டெல் விட்னியும் 1994இல் வாஷிங்டனில் தொடங்கியபோது வந்தவர்கள் சுமார் 500 பேர். இன்று ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். இதன் இந்தியப் பதிப்பு 2010இல் பெங்களூரில் தொடங்கியது. கல்லூரி கடைசி வருடத்தில் இருக்கும் பெண்ணுக்கு இந்த மாதிரிக் கூடம் நிஜமாகவே உதவும். வளாக நேர்காணலுக்கு எட்டிப் பார்க்காத கம்பெனிகள் அங்கே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும். சில கம்பெனிகள் அங்கேயே நேர்காணலையும் நடத்தும்.

ஆனால் 2023இல் ஆர்லாண்டோவில் நடந்ததையும் பார்க்க வேண்டும். டெக் கம்பெனிகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த நேரம். வேலை தேடும் ஆண்கள் பெரும் எண்ணிக்கையில் மாநாட்டுக்குள் வந்துவிட்டார்கள். பதிவுப் படிவத்தில் பாலினத்தைப் பொய்யாகச் சொன்னவர்களும் உண்டு என்று அமைப்பாளர்களே சொன்னார்கள். ஆண் என்பதற்காக ஒருவரைத் தடுக்க அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்காது. வந்திருந்த பெண்கள் கோபப்பட்டார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் எனக்குப் படுவது இன்னொன்றும் உண்டு: வரிசையில் பெண்கள் மட்டுமே நின்றிருந்தாலும், ஒருவருக்கு அரை நிமிடம்தான் கிடைத்திருக்கும். அரை நிமிடத்தில் என்ன தெரியும்? கல்லூரிப் பெயரும் கடைசியாக வேலை பார்த்த கம்பெனியின் பெயரும் தெரியும். என்னைப் போல நடுவில் மூன்று வருடம் விடுபட்டவளுக்கு அந்த இரண்டும் போதாது.

சின்ன அறையில் கதை வேறு. பெண்களுக்கு புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கும் ஜாங்கோ கேர்ள்ஸ் என்று ஒன்று இருக்கிறது. 2014இல் பெர்லினில், ஓலா என்று ஒரே பெயர் கொண்ட இரண்டு பெண்கள் தொடங்கியது. ஒருநாள் பயிற்சி, இலவசம், ஒரு பயிற்சியாளருக்கு மூன்று பேர் என்ற அளவில்தான் சேர்ப்பார்கள். யாரும் வேலை தருவதாகச் சொல்வதில்லை. சென்னையில் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழிக்காரர்களின் 'சென்னைபை' கூட்டம் மாதத்தின் நான்காவது சனிக்கிழமை நடக்கும். ஆண், பெண் யாரும் போகலாம்.

இப்படி ஒரு கூட்டத்தில்தான் பத்து நிமிடம் பேசினேன். புரோகிராமில் எதையும் மாற்றாமலேயே ஒருமுறை பாஸ், மறுமுறை ஃபெயில் என்று ஆட்டம் காட்டும் டெஸ்டுகளைப் பற்றிய பேச்சு. புரொஜெக்டர் என் லேப்டாப்போடு ஒத்துவரவில்லை, பாதி ஸ்லைடை வாயாலேயே சொன்னேன். பின்வரிசையில் இருந்து ஒருவர், "டைம்ஸோன் மாத்திப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். பார்த்திருந்தேன். அதில்தான் சிக்கலே என்று விளக்கினேன். இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து செய்தி வந்தது: "எங்க டீம்ல ஒரு இடம் இருக்கு, ரெஃபர் பண்ணட்டுமா?" என் வேலையைப் பார்த்த ஒருவர் என் பெயரைச் சொன்னார், அவ்வளவுதான். மூன்று வருடம் எங்கே போனீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை.

குறை இல்லாமல் இல்லை. சனிக்கிழமை மதியம் குழந்தையை யாரிடம் விடுவது? சில நாள் அந்த அறையில் பெண் என்று நான் ஒருத்திதான். தன்னார்வலர்கள் நடத்துவதால், ஒருங்கிணைப்பவர் வேலை மாறினால் குழு தூங்கிவிடும். 2011இல் தொடங்கி உலகம் முழுக்கக் கிளை பரப்பிய, டெக் துறைப் பெண்களுக்கான விமன் ஹூ கோட் அமைப்பு கூட நிதி இல்லாமல் 2024இல் மூடிவிட்டது.

மூன்றாவது வகை, இடைவெளிக்காரர்களுக்கான பயிற்சி. ஜோஹோவின் 'மறுபடி' இந்த ரகம். பெயரே ஆளை உள்ளே இழுக்கிறது. எல்லாருமே விட்டுவிட்டு வந்தவர்கள் என்பதால் அந்த இடைவெளிக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. தைரியம் போயிருந்தால் முதலில் இங்கே போங்கள் என்பேன். ஆனால் ஒரு கம்பெனி நடத்தும் பயிற்சியில் கிடைக்கும் ஆள் பழக்கம் பெரும்பாலும் அந்தக் கம்பெனிக்குள்ளேயே நின்றுவிடும். இதே பாணியில் வேறு பலரும் நடத்துகிறார்கள். சேரும் முன் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: முடிவில் கிடைப்பது நிரந்தர வேலையா, ஒப்பந்தமா? சம்பளம் என் பழைய அனுபவத்தையும் சேர்த்தா, புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குத் தருவதா? பதிலில் இழுவை இருந்தால் சந்தேகப்படலாம்.

சரி, ஆள் எடுக்கும் பக்கம் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்போது எங்கள் கம்பெனி ஸ்டால் போட்டால் என்னையும் அனுப்புகிறார்கள். ஹெச்ஆர் பக்கத்தில் டீம் ஆள் ஒருவராவது உட்கார வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கிய இடம் அது. கியூஆர் கோடு அட்டையை மேசைக்கு அடியில் வைத்துவிடுவேன். வருபவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியா உங்களை ராத்திரி தூங்கவிடாத பக் எது?" ஒரு மணி நேரத்தில் ஆறேழு பேரிடம்தான் பேச முடிகிறது. எண்ணிக்கை போதவில்லை என்று போன முறை ஹெச்ஆரில் முனகினார்கள்.