142857-ஐ நடத்த ஏற்ற கால்குலேட்டர்: கேசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் வழிப் பள்ளிகளில் சுழல் தசமம் (இலக்கங்கள் திரும்பத் திரும்ப வரும் தசமம்; 1/7-இல் அது 142857) நடத்தும் ஆசிரியர்களுக்குத் தயங்காமல் இதைச் சொல்லலாம். வீட்டுக்கணக்குக்கு மட்டும் என்றால் 82எம்எஸ் போதும், கூடுதல் காசு வேண்டாம். 991இஎஸ் பிளஸை வாங்கச் சொல்வது ஃபேக்ட் (FACT) வசதிக்காக, அதாவது எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாகப் பிரித்துக் காட்டுவதற்காக. பொள்ளாச்சியில் வாங்கினாலும் பாலக்காட்டில் வாங்கினாலும், டிகிரி-நிமிடப் பொத்தானுக்கு மேல் அந்த எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

1-ஐ 7-ஆல் வகுத்தால் பின்னமாகவே நிற்கும். பின்னத்தைத் தசமமாக்கும் எஸ்-டி (S⇔D) பொத்தானை அழுத்தினால் 0.1428571429. கடைசி 9 மெய்யான இலக்கம் இல்லை. அங்கே 8, 5, 7 என்று தொடர வேண்டியதைத் திரை 10 இலக்கத்தில் முழுமையாக்கிவிட்டது. பிள்ளைகள் சுழற்சியை 1428571429 என்று எழுதிவிடுவது இதனால்தான். முதலில் தாளில் நெடுவகுத்தல் செய்யவிடுங்கள்: மீதி 1, 3, 2, 6, 4, 5 என்று போய் மறுபடி 1 வரும்போது சுழற்சி முடிகிறது.

பெருக்கலுக்குக் கருவி அருமை. 142857 போட்டு சமன், கூட்டல் 142857 போட்டு சமன், பிறகு சமனை மட்டும் தட்டிக்கொண்டே போகலாம். 285714, 428571, 571428, 714285, 857142: அதே ஆறு இலக்கங்கள் அதே வரிசையில் சுற்றும். ஏழாவது 999999.

ஏழாவது ஏன் 999999 என்று காட்டத்தான் ஃபேக்ட். 999999 போட்டு சமன், ஷிஃப்ட், ஃபேக்ட்: 3³×7×11×13×37. அடுத்து 142857: 3³×11×13×37. ஏழு மட்டும் காணோம். வகுப்பில் வேறு விளக்கமே வேண்டாம். சமனை அழுத்தி விடை வந்த பிறகே ஃபேக்ட் வேலை செய்யும். பின்னத்துக்கும் கழித்தல் எண்ணுக்கும் பயன்படாது.

13-ஐயும் கையோடு சோதித்துவிடுங்கள். 999999-ஐ 13-ஆல் வகுத்தால் 76923, அதாவது முன்னால் சுழியம் சேர்த்து 076923. இரண்டால் பெருக்கினால் 153846. இலக்கங்களே மாறிவிட்டன! 13-க்கு ஆறு இலக்கச் சுழற்சிகள் இரண்டு. 7-க்கு ஒன்றே ஒன்று. 142857-இன் சிறப்பு இந்த ஒப்பீட்டில்தான் பிள்ளைகளுக்குப் பிடிபடும்.

வர்க்கத்தில் திரை போதாது. 142857² போட்டால் 2.040812245×10¹⁰ என்று வரும். விடைக்கு 11 இலக்கம். உள்ளே இலக்கங்கள் பத்திரமாக இருக்கின்றன. உடனே 20400000000-ஐக் கழித்தால் 8122449 கிடைக்கும். ஆக முழு விடை 20408122449. அதை 20408, 122449 என்று பிரித்துக் கூட்டினால் மறுபடி 142857. இத்தகைய எண்களுக்குத் தேவ்லாலிப் பள்ளி ஆசிரியர் த.ரா. காப்ரேகரின் (1905–1986) பெயர்தான்.

ஃபேக்டின் குறை ஒன்று. மூன்று இலக்கப் பகா எண்கள் வரைதான் அது வகுத்துப் பார்க்கும். 4104676-க்கு 2²×(1026169) என்று அடைப்புக்குறியோடு காட்டும். அடைப்புக்குள் இருப்பதைப் பகா எண் என்று எழுதிவிடாதீர்கள், அது 1013². அடைப்பு வந்தால் முதலில் வர்க்கமூலம் போட்டுப் பாருங்கள். முழு எண் வராவிட்டால் 1009-இலிருந்து ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்க்க வேண்டியதுதான்.