பட்டாலையில் எட்டுக் கணினி, ஓர் ஓரத்தில் ஸ்கேனர்

பேத்தி படிக்கும் பள்ளியின் நூலகம் சனிக்கிழமை காலையில் வீட்டாருக்கும் திறந்திருக்கிறது. "ஆயா, வாங்க, கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கிறது" என்று இழுத்துக்கொண்டு போனாள். காரைக்குடியில் 26 ஆண்டுகள் தட்டச்சுப் பயிலகம் நடத்தியவள் நான். எந்த இயந்திரத்தைக் கண்டாலும் கை முதலில் விசைப்பலகைக்குத்தான் போகும்.

நூலகம் இருப்பது பள்ளிக்கு யாரோ விட்டுக்கொடுத்த பழைய வீட்டில். தரையெல்லாம் ஆத்தங்குடிக் கல். கால் வைத்தாலே குளிர்ச்சி. ஆனால் நம் செட்டிநாட்டு வீடுகளின் சுவர் கனம் வைஃபைக்குத் தெரியுமா? பெட்டியை முகப்பில் மாட்டியிருக்கிறார்கள்; முன்கூடமான பட்டாலைவரை தாராளமாக வருகிறது, பின்னால் இரண்டாங்கட்டுக்குப் போனால் காணொளி நின்று நின்று ஓடுகிறது. வளவு என்கிற நடுமுற்றத்துப் பக்கம் இன்னொரு பெட்டி வைத்தால் போதும். வளவைப் பார்த்து மாட்டிய புரொஜெக்டரும் அப்படித்தான். வெயில் ஏறியதும் திரையில் படம் வெளிறிப்போகிறது.

எட்டுக் கணினிகளும் நல்லவை. தமிழ் 99 விசைப்பலகை போட்டிருக்கிறார்கள். எனக்கோ தட்டச்சுப் பழக்கம். அதில் 'கெ' என்றால் முதலில் கொம்பு, பிறகுதான் 'க'. இதில் 'க'வைத் தட்டிவிட்டு 'எ'. என் விரல் கேட்குமா? அரை மணி நேரம் பேத்தி அருகில் உட்கார்ந்து என்னைத் திருத்தினாள். எத்தனை பிள்ளைகளை அப்படி அதட்டியிருப்பேன்!

பார்வை குறைந்த பிள்ளைகளுக்காக ஒரு கணினியில் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் இருக்கிறது. குரலில் உயிரில்லை, இருந்தாலும் இதை நினைத்து வைத்தவர்களைப் பாராட்ட வேண்டும்.

கோபம் வந்தது நூற்பட்டியலில். செட்டிநாடு என்று தேடினேன், ஒன்றுமில்லை. எதிர் அலமாரியில் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிய புத்தகம் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது! பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியலை ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றாமலே ஏற்றியிருக்கிறார்கள். பாதித் தலைப்புகள் திரையில் கிறுக்கலாகத் தெரிகின்றன. வாசகரின் நேரத்தைச் சேமி என்று சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-லேயே நூலக விதியாக எழுதிவைத்தார்.

அங்கே எனக்குப் பிடித்த பொருள் ஸ்கேனர். என் ஐயா ரங்கூனிலிருந்து 1938-ல் எழுதிய கடிதத்தைக் கொண்டுபோயிருந்தேன். மடிப்பில் தொட்டால் உதிரும் தாள். நூலகர் அதைப் பிரித்துக் கண்ணாடிமேல் வைத்து, மூடியை அழுத்தாமல் மேலே கறுப்புத் துணியைப் போட்டார். அந்தப் பக்குவம் எல்லோருக்கும் வராது. அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற துல்லியத்தில் எடுத்ததும் மை மங்கிய கடைசி வரிகூடப் படிக்க முடிந்தது. தேங்காய் எண்ணெய் அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

பிறகு அந்தக் கோப்புக்கு இயந்திரம் கொடுத்த பெயரைப் பார்த்தேன்: ஸ்கேன் 0043. முந்தைய நாற்பத்திரண்டும் அப்படியே. எது யார் வீட்டுக் கடிதம், எது கல்யாணப் பத்திரிகை என்று எப்படித் தெரியும்? கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் துண்டு விளம்பரத்தைக்கூட விடாமல் சேர்த்தார். அவர் சேகரிப்பு 1994 முதல் சென்னையில் ஆய்வு நூலகமாக இருக்கிறது. தேடினால் கிடைக்கிறது என்பதால்தானே அங்கே ஆட்கள் போகிறார்கள்?

உட்கார்ந்து நானே மாற்றினேன்: ரங்கூன், 1938, கடிதம், ஐயாவின் பெயர். நூலகர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆச்சி, மீதி நாற்பத்திரண்டுக்கும் வருவீர்களா?" என்றார்.

பயிலகத்து வழக்கப்படி மதிப்பெண் போட்டால் ஸ்கேனருக்கும் நூலகருக்கும் முதுநிலையில் முதல் வகுப்பு, பட்டியலுக்கு மறுதேர்வு. காலை 10 முதல் 1 வரை திறந்திருக்கும். செருப்பைத் திண்ணையிலேயே விட்டுவிட வேண்டும். நான் அடுத்த சனிக்கிழமையும் அங்கேதான் இருப்பேன்.