ப்ளக்இன்னை எங்கிருந்து ஓடவிடுவது: எச்டிஎம்எல்லிலா, ஸ்கிரிப்ட்டிலா?

பழைய இணையதளம் ஒன்றில் ப்ளக்இன்களை (பக்கத்தில் சேர்க்கும் தயார்நிலைத் துணை நிரல்களை) ஓடவிடும் முறையைப் போன மாதம் மாற்றினேன். முன்பு எல்லாம் ஒரே ஸ்கிரிப்ட் கோப்பில் இருந்தது: இந்த கிளாஸ் (வகைப் பெயர்) உள்ள டிவ்களை, அதாவது பக்கத்தின் பெட்டிகளைத் தேடு, படங்களை நகர்த்தும் ஸ்லைடரை ஓடவிடு. இப்போது டிவ்விலேயே டேட்டா-ஸ்லைடர் என்று ஒரு ஆட்ரிபியூட், அதாவது எச்டிஎம்எல் டேக்குக்குள் எழுதும் குறிப்பு. அதைத் தேடி எடுத்து ஓடவிட, எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவாக நாலு வரி ஸ்கிரிப்ட். பூட்ஸ்டிராப் என்ற தயார்நிலை வடிவமைப்புத் தொகுப்பில் பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

எழுதும் நேரம், கோப்பின் அளவு இதிலெல்லாம் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. என்னை மாற வைத்தது பராமரிப்புதான்.

டிசைன் பார்ப்பவர் ஒருநாள் 'கேலரி' என்ற கிளாஸை 'கேலரி-மெயின்' ஆக்கினார். அவருக்கு கிளாஸ் என்றால் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸுக்கானது. அவர் மேல் தப்பே இல்லை. படங்கள் நகராமல் நின்றுவிட்டன. பிழைகளைக் காட்டும் கன்சோலில் ஒரு சிவப்பு வரி கூடக் கிடையாது. டிவ்களைத் தேடித் தரும் குவெரிசெலக்டர்ஆல், எதுவும் கிடைக்காவிட்டால் காலிப் பட்டியலைத் தரும், லூப் ஒருமுறைகூடச் சுற்றாது, அவ்வளவுதான். ப்ளக்இன் கோப்பை இரண்டு மணி நேரம் குடைந்த பிறகே பெயர் மாறியது தெரிந்தது. டேட்டா ஆட்ரிபியூட்டிலும் எழுத்துப்பிழை இப்படித்தான் சத்தமில்லாமல் கவிழ்க்கும். ஆனால் அழகுபடுத்த வருபவர் அதில் கை வைப்பது அபூர்வம். அப்புறம், ஆறு மாதம் கழித்துப் பக்கத்தைத் திறந்தாலும் இந்த டிவ்மேல் ஏதோ ஓடுகிறது என்று அந்த வரியே சொல்லிவிடும். வேகத்தைக் கூட்டிக் குறைப்பதும் அங்கேயே.

சிக்கலே இல்லையா என்றால், உண்டு. ஆட்ரிபியூட்டில் எழுதியதை ஸ்கிரிப்ட்டில் படிக்கும் டேட்டாசெட் வழியாக வருவதெல்லாம் ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்துகள். தானாக ஓட வேண்டாம் என்று டேட்டா-ஆட்டோபிளேயில் 'ஃபால்ஸ்' என்று எழுதினேன், ஸ்லைடர் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. காலியாக இல்லாத ஸ்ட்ரிங் எதுவும் 'ட்ரூ' கணக்குதானே. ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் டேட்டா மெத்தட் இதை மாற்றிக் கொடுத்துவிடும், வெறும் ஜாவாஸ்கிரிப்ட்டில் நாமே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெயர் மாறினால் இன்னொரு தொல்லை. 2021இல் வந்த பூட்ஸ்டிராப் 5, டேட்டா-டாகிளை டேட்டா-பிஎஸ்-டாகிள் ஆக்கியது. ஸ்கிரிப்ட் முறையில் ஒரு கோப்போடு முடிந்திருக்கும் வேலைக்கு ஒவ்வொரு டெம்ப்ளேட்டாகத் திறந்து மாற்றினேன். அப்படியும் அரை மணி நேரம்தான்.

ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் நான் செய்தவை சின்ன வேலைகள். அங்கே டாமை, அதாவது பக்கத்தின் உறுப்புகளை, அதுவே கையாள்வதால், இந்த வாதம் எடுபடும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஸ்கிரிப்ட்டை முழுதாகவும் விடவில்லை. ஸ்லைடு மாறியதும் ஒரு ஃபங்ஷன் ஓட வேண்டும் என்றால் அதை ஆட்ரிபியூட்டில் அடைக்க முடியாது. பூட்ஸ்டிராப்பிலேயே டூல்டிப்புக்கு (மவுஸை வைத்தால் தோன்றும் சிறு குறிப்புக்கு) ஆட்ரிபியூட் போட்டாலும், வேகம் குறையக்கூடாது என்பதற்காக அது தானாக எழுவதில்லை. ஸ்கிரிப்ட்டில் நாம்தான் எழுப்ப வேண்டும். பழைய கோப்பில் இப்போது மிச்சம் இருப்பவை இந்த இரண்டும்தான்.