பிரெயில் நோட்டேக்கரை ஐபோனோடு இணைப்பதா, ஆண்ட்ராய்டோடா?

பார்வையற்றவர்கள் பிரெயிலில் எழுதவும் படிக்கவும் பயன்படுத்தும் கையடக்கக் கருவிதான் நோட்டேக்கர். பிரெயில்சென்ஸ், பிரெயில்நோட் டச் போன்ற நோட்டேக்கர்களுக்குள் சொந்த எழுதுகருவியும் மின்னஞ்சலும் இருக்கின்றன. ஆனால் போனோடு சேரும்போது அவை வெறும் பிரெயில் திரையும் (புள்ளிகள் எழும்பி விரலால் வாசிக்கும் பட்டை) விசைப்பலகையுமாக வேலை செய்கின்றன. அதனால் எந்தப் போனாக இருந்தாலும் முதலில் நோட்டேக்கரை இப்படி வேலை செய்யவைக்கும் 'டெர்மினல்' நிலைக்கு மாற்றிவிடுங்கள். பலர் தடுமாறுவது இங்கேதான்.

ஐபோனில் புளூடூத் பிரெயில் வசதி 2010-இல் ஐஓஎஸ் 4-உடன் வந்துவிட்டது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: பொதுவான புளூடூத் பக்கத்துக்குப் போக வேண்டாம். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, வாய்ஸ்ஓவர் (ஐபோனின் திரைவாசிப்பான்), பிரெயில் என்று போய், அங்கே தெரியும் கருவியின் பெயரைத் தட்டுங்கள். இணைந்ததும் நோட்டேக்கரில் ஸ்பேஸோடு 4-ஆம் புள்ளிக்கான விசையை அழுத்தினால் அடுத்த உருப்படிக்கு நகரலாம்; ஸ்பேஸோடு 1, 2, 5 அழுத்தினால் முகப்புத் திரை வரும். திரையைத் தொடாமலே போன் முழுவதும் விரல் நுனியில் வாசிக்கக் கிடைக்கிறது. காதுகேளாமையும் சேர்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆண்ட்ராய்டில் முன்பு பிரெயில்பேக் என்ற தனிச் செயலி தேவைப்பட்டது. 2022-இல் ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பானான டாக்பேக்கின் 13-ஆம் பதிப்பு வந்தபின் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வரிசை வேறு: முதலில் வழக்கமான புளூடூத் பக்கத்தில் இணைத்துவிட்டு, அப்புறம் டாக்பேக் செட்டிங்ஸில் பிரெயில் திரையை இயக்க வேண்டும்.

இப்போதுதான் தொடங்குகிறவர் என்றால் ஐபோனைத்தான் சொல்வேன். எல்லாமே ஒரே பக்கத்தில் முடிகிறது. விலை கட்டுப்படியாகவில்லையா, ஆண்ட்ராய்டு எடுங்கள். ஆனால் கடையிலேயே உங்கள் நோட்டேக்கரை இணைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.